ஃபோர்த்வித் சாருக்கு லைன் போட்டவள்

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் ஆபரேட்டரம்மாவைத் தெரியும். அவளுடைய கணவரையும் தெரியும், ஆனால் அவரைத் தெரியும் என்று சொல்லும்போது கூடவே ஒரு சிரிப்பும் வரும். அவருக்கு ஃபோர்த்வித் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். உடனடியாக என்பதற்குப் பழைய இங்கிலீஷில் அப்படி ஒரு வார்த்தை. அவர் ஒட்டும் நோட்டீஸ் எல்லாம் அதில்தான் முடியும். உடனடியாக அவர் எதையும் செய்து யாரும் பார்த்ததில்லை.

ஆபரேட்டரம்மா பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போனவள். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, சுவர் மாதிரி நிற்கும் பலகையின் ஓட்டைகளில் வயர்களைச் சொருகிச் சொருகி எடுக்கிற வேலை. அங்கே அவள் பேசியதெல்லாம் "நம்பர் சொல்லுங்க", "லைன்ல இருங்க", "பேசுங்க" என்ற மூன்று வாக்கியம்தான். அதை வைத்துத்தான் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தாள். பேசியது குறைவு, கேட்டது ஊர்ப்பட்டது. உண்மையில் விஷயம் உள்ளவர்கள் எவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறார்கள் என்பதை அங்கேதான் கண்டுகொண்டாள். "அப்பா போயிட்டார், கிளம்பி வா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைப்பார்கள். எதையாவது மறைக்கிறவன்தான் சுற்றி வளைப்பான், நலம் விசாரிப்பான், தொண்டையைச் செருமுவான். அதிலிருந்து நீட்டி முழக்கிப் பேசுகிறவனைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன்தான் ஃபோர்த்வித் சார்.

அவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதப் பிரிவில் இருந்தார். பணம் கேட்டு எழுதுகிறவர்களுக்கு, தர முடியாது என்று பதில் எழுதும் பிரிவு. இதை மனிதர்கள் எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். இவர் ஒரு பக்கம் எழுதுவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆபீசிலிருந்து ஏதோ பரிசு வாங்கியவர் போலச் சிரித்துக்கொண்டே வந்தார். புருஷனை விபத்தில் பறிகொடுத்த ஒரு பெண்மணி அவர் எழுதிய மறுப்புக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் மலர, எந்தக் கவுண்டருக்குப் போக வேண்டும் என்று கேட்டு வந்தாளாம். "அவ்வளவு நயமா எழுதியிருக்கேன் பாரு. இல்லைன்னு சொன்னதே அவளுக்குத் தெரியலை" என்றார். ஆபரேட்டரம்மா கையில் இருந்த தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவர்மேல் வந்த இளக்காரம் பிறகு ஒருநாளும் இறங்கவில்லை. ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, இருவரும் ரிட்டையரும் ஆனார்கள். இளக்காரம் மட்டும் வேலையில் இருந்தது.

ரிட்டையரான பிறகு மனிதர்கள் நடைப்பயிற்சி போவார்கள், பத்திரிகை படிப்பார்கள், பல் கட்டிக்கொள்வார்கள். ஃபோர்த்வித் சாருக்கு ஒரு லட்சியம் வந்துவிட்டது. வழக்கொழிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை எல்லாம் மறுபடியும் புழக்கத்துக்குக் கொண்டுவரப் போகிறாராம். இப்போதைய இங்கிலீஷைக் கேட்டால் அவருக்குக் குமட்டியது. ஓகே, ஹாய், சூப்பர், டியர் என்று நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு உலகமே குப்பை கொட்டுகிறது என்பார். அந்த மொழிக்காரர்களே கவலைப்படாத விஷயத்துக்கு இவர் ராத்தூக்கம் கெட்டார். பகல் தூக்கம் கெடவில்லை.

திங்கட்கிழமைக்கு ஒரு வார்த்தை. அந்த வாரம் முழுக்க வீட்டில் அது புழங்கியாக வேண்டும்.

ஒரு வாரம் ஸ்லகபெட் வந்தது. விடிந்த பிறகும் படுக்கையை விட்டு எழுந்திருக்காதவன் என்று அர்த்தமாம்.

"அதுக்குத்தான் சோம்பேறின்னு ஒண்ணு இருக்கே" என்றாள்.

"சோம்பேறி வேற, இது வேற. இதுல படுக்கை இருக்கு. எவ்வளவு துல்லியம் பாரு."

"சாப்பிட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் நீங்க படுத்துக் கிடக்கீங்களே, அதுக்கு என்ன வார்த்தை?"

"அது ஓய்வு" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இன்னொரு வாரம் க்ரோக். அடுத்தவர் சாப்பிடுவதை, நமக்கும் கொடுக்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே நிற்பதற்குப் பெயர். இது நல்ல வார்த்தை என்று அவளுக்கே பட்டது. சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு அவள் தட்டில் இருக்கும் இனிப்பை அவர் பார்க்கிற பார்வைக்கு இத்தனை நாள் பெயர் இல்லாமல் இருந்தது. பால்டர்டாஷ் அதைவிட நன்றாக இருந்தது. வெட்டிப் பேச்சு, உளறல் என்று அர்த்தம். தகர டின் படிக்கட்டில் உருண்டு விழுகிற சத்தம் அதில் இருந்தது. அவர் பேச ஆரம்பித்ததும் அவள் மனதுக்குள் அந்த டின்னை ஒருமுறை உருட்டிவிட்டுக்கொள்வாள். வாய் திறந்து சொல்ல மாட்டாள். சொன்னால் மனைவி முன்னேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டுவிடுவார்.

ஓவர்மாரோ வந்த வாரம்தான் தாங்க முடியவில்லை. மனிதர் துள்ளிக் குதித்தார். நாளைக்கு அடுத்த நாளுக்கு இங்கிலீஷில் இப்போது ஒற்றை வார்த்தை கிடையாதாம், ஒரு காலத்தில் இருந்ததாம், தொலைத்துவிட்டார்களாம், இவர் கண்டெடுத்துவிட்டாராம்.

"நாளன்னிக்குன்னு நாம தினம் சொல்றோம். நாம ஒண்ணும் தொலைக்கலையே" என்றாள் அவள். "தொலைச்சவன் தேடிக்கட்டும். உங்களுக்கு ஏன் இந்த அலைச்சல்?"

"உனக்கு அழகுணர்ச்சி கிடையாது" என்றார் அவர்.

வீட்டோடு நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் தேவைப்பட்டது. சாக்கடை அடைத்தாலும் லிஃப்ட் நின்றாலும் வசவு வாங்குகிற பதவி, புத்தி உள்ள ஒருவனும் முன்வரவில்லை. ஃபோர்த்வித் சார் முன்வந்தார். அவர் கண் சாக்கடை மேல் இல்லை, நுழைவாயிலில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த நோட்டீஸ் போர்டு மேல் இருந்தது. வந்த வாரமே லிஃப்ட் பழுதானது. லிஃப்ட் வேலை செய்யாது என்று ஒரு குழந்தைகூட எழுதிவிடும். மேலேற்றும் அறை நலிவுற்றிருக்கிறது, வாசிகள் பொறுத்தருளுமாறு இறைஞ்சப்படுகிறார்கள் என்கிற பாணியில், எந்தக் காலத்திலோ செத்துப்போன இங்கிலீஷில் இவர் ஒரு பத்தி எழுதி ஒட்டினார். ஜனங்கள் வந்து பார்த்தார்கள். தலையைச் சொறிந்தார்கள். போய் லிஃப்ட் பட்டனை அமுக்கிக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்கு ஆபரேட்டரம்மா ஒரு காரியம் செய்தாள். கடைக்குப் போகிற பையை எடுத்துக்கொண்டு, ஐந்தாவது மாடியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு இறங்கினாள். கதவு திறந்ததும் ஒரே வாக்கியம்: "லிஃப்ட் ரிப்பேர், நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் படியில போங்க." அடுத்த கதவு. உள்ளே வாங்க, உட்காருங்க என்றால் நிற்க மாட்டாள். அந்தக் காலத்தில் வயர் சொருகிய அதே வேகம். பிறகு அது வழக்கமாகிவிட்டது. மாலையில் நோட்டீஸ் எழுதி முடித்ததும், அவர் அதைத் தமிழில் விளக்கி விளக்கி அவளிடம் பீற்றிக்கொள்வார். அவள் "சுருக்கமா என்ன?" என்று கேட்பாள். மறுநாள் காலையில் பை இறங்கும்.

புருஷனின் மானம் போகக் கூடாது என்று செய்தாள் என்று நினைத்தால் அது தப்பு. குப்பையை எடுக்க வேண்டும், கார்களை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். அவர் பால்கனியில் நின்று கீழே பார்ப்பார். நோட்டீசில் எழுதியபடியே ஜனங்கள் குப்பையை உள்ளே வைத்துக்கொள்வதும், காரை ஓரம் கட்டுவதும் தெரியும். நெஞ்சு விம்மும். "பார்த்தியா? ஜனங்களைத் தூக்கி நிறுத்திட்டேன்" என்பார். அவள் துணியை உதறிக் கொடியில் போடுவாள்.

கட்டடத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். மூன்றாவது மாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் நோட்டீசைப் போட்டோ எடுத்துச் சிரித்துக்கொண்டார்கள், ஒரு எழுத்து புரியவில்லை. இரண்டாவது மாடி டெய்லர் அக்கா, "எனக்கு என்ன தெரியும், அம்மா வந்தாத் தெரியும்" என்று நேராகவே சொல்லிவிடுவாள். அவளுக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை. கீழே மோட்டார் அறையை ஒட்டிய ஒற்றை அறையில் வாட்ச்மேனும், மாடிப்படி கூட்டும் அவன் மனைவியும் இருந்தார்கள். வேலை இருக்கும்வரைதான் அந்த அறை. வேலை போனால் அன்றைக்கே தெரு.

இவர்களையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் மாடி பேங்க் மேனேஜரைத்தான் ஆபரேட்டரம்மாவால் சகிக்க முடியவில்லை. நோட்டீஸ் ஒட்டிய உடனே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி தலையாட்டிப் படிப்பார். "என்ன நடை சார். இப்ப யார் எழுதறா இப்படி" என்று ஃபோர்த்வித் சாரின் கையைப் பிடித்துக் குலுக்குவார். வீட்டுக்குள் போனதும் மனைவியிடம், "ஆபரேட்டரம்மா வந்தாங்களா? இன்னும் வரலையா? போய்க் கேட்டுட்டு வா" என்பார். அது கதவுக்கு வெளியே நின்ற ஆபரேட்டரம்மாவுக்கே கேட்டிருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாக்கு வராத ஜென்மம்.

இந்த பேங்க் மேனேஜர்தான் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். நோட்டீஸ்களை எல்லாம் தொகுத்துச் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று யோசனை சொன்னார். ஃபோர்த்வித் சார் தரையில் இல்லை. ஆபரேட்டரம்மா காபியோடு வந்தபோது அவளைக் காட்டிச் சொன்னார்.

"இந்தக் கட்டடத்துல என் எழுத்து புரியாத ஒரே ஆள் யார் தெரியுமா? இவதான். ஒவ்வொண்ணையும் தமிழ்ல பிட்டுப் பிட்டு வெக்கணும். வயர் சொருகினவளுக்கு வார்த்தையைப் பத்தி என்ன தெரியும், சொல்லுங்க."

பேங்க் மேனேஜர் சிரித்தார். அன்று காலையில்கூட அவள் வாயிலிருந்துதான் கரண்ட் கட் நேரத்தைத் தெரிந்துகொண்டிருந்தார். அந்த நன்றிகெட்ட சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோபம்கூட இல்லை. இரண்டு பேரையும் ஒரே துடைப்பத்தில் கூட்டித் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும் போல் இருந்தது. காபியை வைத்தாள். புரியாத ஒரே ஆள் நான்தானே, புரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

அன்று மாலை அவர் எழுதியது தண்ணீர்த் தொட்டி நோட்டீஸ். அவர் வாழ்நாள் சாதனை அது. ஓவர்மாரோவும் அதில் ஏறிவிட்டது. வழக்கம் போல விளக்கினார். நாளை மறுநாள் காலையில் மாடித் தொட்டியைக் கழுவப் போகிறார்கள். கழுவிய பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை மாலைவரை நிறுத்தி வைப்பார்கள், அதுவரை யாரும் குழாயைத் திறக்கக் கூடாது, வாட்ச்மேன் வால்வைத் திறக்கக் கூடாது. போர்டில் ஒன்றும் வாட்ச்மேன் அறைக் கதவில் ஒன்றுமாக ஒட்டினார். மறுநாள் காலையில் ஆபரேட்டரம்மா பையை எடுத்தாள். எடுத்த பையைத் திரும்பவும் ஆணியில் மாட்டினாள். தன் வீட்டுக்கு மட்டும் குடம், பாத்திரம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தாள்.

அவள் போட்ட கணக்கு இதுதான். வாட்ச்மேன் வால்வை மூடியிருப்பான், தொட்டி கழுவ வருகிறவர்கள் எப்படியும் அவனிடம் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் வராது. ஜனங்கள் கொதித்துப்போய் மேலே வந்து ஃபோர்த்வித் சாரின் சட்டையைப் பிடிப்பார்கள், அதை ஒருமுறையாவது கண்ணாரப் பார்க்க வேண்டும். இதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

கழுவ வந்தவர்கள் கழுவினார்கள், பவுடரைக் கொட்டினார்கள், நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்தார்கள், எல்லாருக்கும் தெரியும்போல என்று போய்விட்டார்கள். வாட்ச்மேன் வழக்கமான நேரத்துக்கு வால்வைத் திறந்தான். செயலாளர் அப்போது மேலே போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் நாலைந்து வீடுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். டெய்லர் அக்காவின் குழந்தை வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டுபோய், ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். ஆபரேட்டரம்மா போய்ப் பார்த்தாள். அந்தக் கட்டிலின் பக்கத்தில் நிற்க அவளுக்குக் கூசியது. பேங்க் மேனேஜர் அன்று ராத்திரி முழுக்கக் கழிப்பறையைவிட்டு வெளியே வரவில்லை. அப்படியும் மறுநாள், "நான் படிச்சேன் சார், வீட்ல சொல்லத்தான் மறந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குழந்தை இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் யாரையாவது தூக்கில் போடாமல் கட்டடம் அடங்காது போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று முடிவானது. சனிக்கிழமை ஃபோர்த்வித் சார் கண்ணாடி முன் நின்று தன் பேச்சை ஒத்திகை பார்த்தார். எல்லாம் அதே இங்கிலீஷ். அவள் கேட்காமலே விளக்கினார். நோட்டீஸ் ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது, அவன் கதவிலேயே ஒட்டியிருக்கிறது, வாட்ச்மேன் ஒரு ஸ்லகபெட், கடமை தவறியவன், கோழை, அவனும் அவன் மனைவியும் ஓவர்மாரோவுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

"அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றாள் அவள்.

"மத்தவங்களுக்குத் தெரியுமே. கேட்டிருக்கலாமே."

"மத்தவங்களுக்கும் தெரியாது. உங்க நோட்டீஸ் ஒருத்தருக்கும் புரியறதில்ல. இத்தனை நாளும் நான்தான் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தேன். இந்தத் தடவை போகலை."

அவர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு சிரித்தார். "பால்டர்டாஷ்" என்றார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனாள். வாட்ச்மேனின் அறையில் பாத்திரங்கள் சாக்கில் ஏறிக்கொண்டிருந்தன. அவன் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு துணி மடித்தாள், திரும்பவில்லை. வாட்ச்மேன்தான் ஸ்டூலைத் தட்டிப் போட்டான். ஆபரேட்டரம்மா உட்காரவில்லை.

"கதவுல ஒட்டியிருந்துதே, யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்கலாம்னுதான் இருந்தேன்மா" என்றான். "அப்புறம் நீங்க வரலையா, சரி, நமக்குச் சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லபோலன்னு விட்டுட்டேன். முக்கியமா இருந்தா அம்மா சொல்லாம இருப்பாங்களா."

"இதை நாளைக்குக் கூட்டத்துல சொல்லு."

"வேணாம்மா. அப்புறம் உங்களை ஏதாவது சொல்லுவாங்க. சாருக்கும் அசிங்கம்."

அவன் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அதுதான் அவளைக் கொன்றது. புருஷன்மேல் இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த இளக்காரத்தில் ஒரு பங்கை அவள் தன் பேருக்கு எழுதிக்கொண்டாள். இரண்டு தற்பெருமைக்காரர்கள் மல்லுக்கு நின்றதில் ஒரு குழந்தையின் கையில் ஊசி ஏறியது, ஒருவன் வீடு சாக்கில் ஏறுகிறது. மேலே வந்தவள் ராத்திரி சாப்பிடவில்லை. ஃபோர்த்வித் சார் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. டெய்லர் அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், யாரை அடிக்கலாம் என்று தேடுகிற முகம். பேங்க் மேனேஜர் இன்னும் வெளிறித்தான் இருந்தார். வாட்ச்மேனும் அவன் மனைவியும் தூணை ஒட்டி நின்றார்கள். ஃபோர்த்வித் சார் எழுந்து தாளைப் பிரித்தார்.

வாசித்தார். குரல் ஏறியது, இறங்கியது, ஒரு கை காற்றில் எழுந்தது. ஒரு இடத்தில் தூணைக் காட்டி நிறுத்தி, ஒரு வார்த்தையை நாக்கில் உருட்டிச் சொன்னார். வாட்ச்மேன் பேந்தப் பேந்த விழித்தான். தன்னைப் பற்றி என்னவோ சொல்கிறார் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது. பேங்க் மேனேஜர் தலையாட்டினார். கடைசியில் ஃபோர்த்வித் என்று முடித்துவிட்டு, கைதட்டலுக்கு இடம் விட்டு நின்றார். கார்களுக்கு நடுவில் யாரோ இருமினார்கள்.

டெய்லர் அக்கா முதுகைத் திருப்பி, பின்வரிசையில் இருந்த ஆபரேட்டரம்மாவைப் பார்த்தாள். "அம்மா, என்ன சொல்றாரு?"

அதைக் கேட்டு எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. மூன்றாவது மாடிப் பிள்ளைகள், நாலாவது மாடி டாக்டர், அவர் மனைவி, எல்லாரும். பேங்க் மேனேஜரின் தலை மட்டும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது, ஆனால் திரும்பியது. ஃபோர்த்வித் சார் கையில் தாளோடு அந்தத் தலைகளைப் பார்த்தார். முந்தின நாள் கண்ணாடியில் சிரித்த வாய் அப்படியே பாதியில் நின்றது.

ஆபரேட்டரம்மா எழுந்தாள். அந்தத் தாளில் இருந்தது ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். அதை அப்படியே சொன்னால் இங்கே பாதிப் பேர் சரி என்பார்கள், சாயங்காலமே சாக்கு தெருவுக்குப் போய்விடும். அவள் வேலை பார்த்த காலம் முழுக்க ஒருவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல்தான் கடத்தியிருக்கிறாள். அது அவளுக்கு ஒரு கர்வம்.

"தப்பு முழுக்கத் தன்னோடதுன்னு சொல்றார்" என்றாள். "யாருக்கும் புரியாத மாதிரி நோட்டீஸ் எழுதினது தப்பு, கழுவற அன்னிக்குக் கீழ வந்து நின்னு பார்க்காம தூங்கினது தப்புன்னு சொல்றார். வாட்ச்மேன் மேல ஒரு குத்தமும் இல்லையாம், அவனை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதாம். ஆஸ்பத்திரிச் செலவைத் தானே ஏத்துக்கறாராம். செயலாளர் பதவியை இன்னியோட விட்டுடறாராம்."

டெய்லர் அக்காவின் புருஷன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"அவர் சொன்னது அவ்வளவுதான். இனி நான் சொல்றது" என்றாள் அவள். "நோட்டீஸ்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்கு மட்டும் தண்ணி பிடிச்சு வெச்சுக்கிட்டு, உங்ககிட்ட வந்து சொல்லாம இருந்தேன். வீம்புக்கு. குழந்தை படுத்ததுக்கு நானும் காரணம்." டெய்லர் அக்காவைப் பார்த்தே சொன்னாள். டெய்லர் அக்கா குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆபரேட்டரம்மாவும் மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை.

இப்போது எல்லாரும் ஃபோர்த்வித் சாரைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால், பிறகு என்னதான் சொன்னீர்கள் என்று கேட்பார்கள். இவனையும் இவன் பெண்டாட்டியையும் தெருவில் தள்ளுங்கள், என்மேல் தப்பில்லை என்று, அந்தத் தூணையும் அந்த மடியில் இருக்கும் குழந்தையையும் பார்த்துக்கொண்டு, வெறும் தமிழில், எல்லாருக்கும் புரியும்படி சொல்லியாக வேண்டும். அவ்வளவு நயமான இங்கிலீஷில் மூச்சு விடாமல் வாசித்த மனிதருக்கு அதில் ஒரு எழுத்துகூட வரவில்லை. அந்தத் தைரியம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்திருந்தால் அத்தனை வார்த்தைகளைத் தேடிப் போயிருக்கவே மாட்டார்.

"ஆமாமா" என்று பேங்க் மேனேஜர் எழுந்து நின்றார். "நான் வார்த்தைக்கு வார்த்தை கவனிச்சேன். ரொம்பப் பெருந்தன்மையாப் பேசினார். இதை எல்லாராலயும் சொல்ல முடியாது."

அந்த ஆளை முதல்முறையாக ஆபரேட்டரம்மா அருவருப்பு இல்லாமல் பார்த்தாள். டாக்டர் கைதட்டினார். ஒவ்வொருவராகத் தட்டினார்கள். ஃபோர்த்வித் சார் தாளை மடித்தார், இன்னும் மடித்தார், அதற்குமேல் மடிக்க முடியாத அளவுக்கு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். வாட்ச்மேன் அவர் முன்னால் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. பின்னால் அவன் மனைவி.

"சார்" என்றான். "நீங்க எழுதறது எனக்கு ஒருநாளும் புரிஞ்சதில்ல சார். இன்னிக்கு நீங்க பேசினது ஒண்ணு விடாமப் புரிஞ்சுது."

ஃபோர்த்வித் சார் அவனைப் பார்த்தார். எழுத ஆரம்பித்த காலத்திலிருந்து இப்படி ஒருவன் வந்து சொல்ல மாட்டானா என்றுதான் அவர் காத்திருந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தாள், உதவிக்கு வரவில்லை.

"சரி" என்றார் அவர். "போய் மோட்டாரைப் போடு."